சாயம் தெளிந்தது, உப்பு போகவில்லை: மூன்றாவது மனு

அனுப்புநர்: நொய்யல் தென்கரைக் கிணற்றுப் பாசன விவசாயிகள், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்.

பொருள்: ஓடையில் விடப்படும் சாயக்கழிவு நீரின் உப்பைச் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதற்கு முன் கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு மட்டுமே கிடைத்தது. தடுப்பணைக்குக் கீழே ஓடை ஆற்றில் சேரும் இடம் தாங்கள் வந்து பார்த்த இடம்தான். வழி சொல்ல வேண்டியதில்லை.

1. மேலே உள்ள சாயப்பட்டறையில் ஓசோனும், இரும்பு சல்பேட்டோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கும் ஃபென்டன் முறையும் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். அது சாயத்தை உடைத்து நிறத்தை எடுத்துவிடுகிறது. சிவப்பாக ஓடிய ஓடை இப்போது தெளிவாக ஓடுகிறது.

2. ஆனால் பருத்தித் துணியில் சாயம் பிடிக்கக் கொட்டிய உப்பு எங்கே போகும்? பெராக்சைடு அதைத் தொடாது. ஃபென்டனுக்கு அமிலம் ஊற்றி, பிறகு காரம் போட்டுச் சரிக்கட்டும்போது உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். உப்பைப் பிரிக்க, சவ்வு வழியே நீரை வடிக்கும் ஆர்.ஓ.வும், மிச்ச நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஓட வேண்டும். கரண்ட் செலவு அதில்தான்.

3. எங்கள் மாடுகள். தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்கின்றன. தவிடு கலக்கினாலும் மேலே மிதக்கும் தவிட்டை நக்கிவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுகின்றன. தொட்டி காய்ந்தால் உள்சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது, நகத்தால் சுரண்டலாம். கறவை மாட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம் ஐயா. பால் காசு லாரிக்கே போகிறது. ஆற்றங்கரையில் இருந்துகொண்டு மாட்டுக்குத் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம்!

4. சென்ற முறை தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்து, ‘கிளியராத்தானே இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார். உப்பு கண்ணுக்குத் தெரியுமா?

கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு தாங்கள் அறிந்ததே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே விடமாட்டோம் என்ற உறுதியில்தான் திறந்தார்கள். அப்புறம் ஓடையில் வருவது யாருடைய தண்ணீர்?

தயவுசெய்து நிறத்தைப் பார்க்காதீர்கள், டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவைப் பாருங்கள். பகலில் வேண்டாம், ராத்திரி வந்து மாதிரி எடுங்கள். எவாப்பரேட்டரின் கரண்ட் மீட்டரையும் பாருங்கள், அது ஓடியதா என்று தெரியும். ஐயா, எங்கள் கிணற்றையும் ஒருமுறை சோதித்து, முடிவை எழுத்தில் கொடுங்கள். மறுபடியும் ஒப்புகைச் சீட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நொய்யல் தென்கரை விவசாயிகள்