மிலானோ காலிப்ரோ 9: மகனுக்கு எழுதியது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அனைவரும் நலம். ‘மிலானோ காலிப்ரோ 9’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்துவிட்டு, படம் முழுக்க ஊகோவை அடித்து மிதித்த அடியாள் ரோக்கோ கடைசியில் அவனுக்காகவே ஒருவனைக் கொல்வது நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால், அந்தப் படம் நிற்பதே அந்த இடத்தில்தான்.

பெர்னாண்டோ டி லியோ 1972-இல் எடுத்த அந்தப் படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பார். மிலான் நகரத்தில் ஒரு பொட்டலம் கைமாறிக் கைமாறிப் போகிறது. பிரித்தால், டாலர் நோட்டுகளுக்குப் பதில் வெற்றுத்தாள். எடுத்தவர் யார் என்று ஆற அமர விசாரிக்க அந்தக் கூட்டத்துக்குப் பொறுமை ஏது? கொண்டுசென்றவர்களை அடித்து நொறுக்கி, கட்டிப்போட்டு, வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

மூன்றாண்டுச் சிறைவாசம் முடிந்து சான் வித்தோரே சிறையிலிருந்து வெளியே வரும் ஊகோதான் அந்த 3,00,000 டாலரை எடுத்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரோக்கோவாக நடித்த மாரியோ அடோர்ஃப் சிரிக்கிறார், கத்துகிறார், வாய் ஓயாமல் பேசுகிறார். ஊகோவாக வரும் காஸ்தோனே மொஸ்கினின் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை. அந்தக் கல்முகத்தைப் பார்த்து நாமும் இவன் குற்றமற்றவன் என்றே நம்பிவிடுகிறோம். உண்மையில் பணத்தை எடுத்தவன் அவனேதான். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு, தலைவனான அமெரிக்கானோ உட்பட அனைவரையும் ஏமாற்றியிருக்கிறான். அது தெரியவந்ததும் ரோக்கோவின் வெறுப்பு மரியாதையாகிவிடுகிறது. அப்படிப்பட்டவனை, ஊகோவின் காதலியான நெல்லியின் கள்ளக்காதலன், நேருக்கு நேர் நிற்கத் துணிவில்லாமல், முதுகில் சுடுகிறான். சுட்டவனின் தலையைப் பிடித்து மோதிக்கொண்டே, ஊகோ போன்ற ஒருவனைக் கண்டால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று ரோக்கோ அலறுகிறானே, அது ஒரு திருடன் இன்னொரு திருடனுக்குச் செய்யும் இறுதி மரியாதை. பார்வையிழந்த முதியவர் டான் வின்செஞ்சோ கொல்லப்பட்டதற்காக ஊகோவின் நண்பன் கீனோ துப்பாக்கியுடன் எதிரிகளின் மாளிகைக்குள் புகுவதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் படத்தில் லாபக்கணக்குக்கு அப்பாற்பட்டு நடப்பது பழிவாங்கல் ஒன்றுதான் என்பது உனக்கே புலப்படும்.

இரண்டு காவல் அதிகாரிகள் அரசியல் பேசி வாதம் செய்யும் காட்சிகள் சலிப்பூட்டின என்றாய். அங்கே படத்தின் வேகம் தளர்கிறது என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் 1969 டிசம்பர் 12-ஆம் தேதி அதே மிலானில், பியாட்சா ஃபொன்தானாவிலிருந்த வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்திருந்தார்கள். வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த மக்கள் வடக்கின் தொழிற்சாலைகளில் நிறைந்திருந்தார்கள். தெற்கே பூலியாவில் பிறந்த டி லியோவால் இதையெல்லாம் பேசாமல் இருந்திருக்க முடியாது போலும்.

லூயிஸ் பாகலோவும் நேப்பிள்ஸ் நகரத்து ஒசன்னா ராக் இசைக்குழுவினரும் சேர்ந்து அமைத்த இசையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே! அதைத் தனியாக ஒருமுறை கேள்.

அடுத்து, அதே ஆண்டில் டி லியோ எடுத்த ‘லா மாலா ஒர்தினா’வைப் பார். இம்முறை அடோர்ஃப்தான் வேட்டையாடப்படுகிறவர். மனைவியையும் மகளையும் கொன்றவனின் வண்டியைத் துரத்திப் பிடித்துத் தொற்றிக்கொண்டு, முன்கண்ணாடியைத் தன் தலையாலேயே முட்டி உடைக்கிறார். அதைப் பார்த்த பிறகு ரோக்கோவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா