விடுபட்ட மூன்று சொற்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில் சைனஸ் தொல்லைக்கு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வழிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எளிமையாக எழுதியிருந்தார்கள். அதில் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவச் சொல்லும் இடம் வந்ததும் பென்சிலை எடுத்து, ‘தண்ணீர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு விடுபாட்டுக் குறி போட்டேன். ‘கொதிக்க வைத்து ஆறவைத்த’ என்ற மூன்று சொற்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நான் ஓர் அச்சகத்தில் 31 வருடம் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொம்போ புள்ளியோ மாறியிருந்தால் வாசகர்கள் தாங்களே சரிசெய்துகொண்டு படித்துவிடுவார்கள். ஒரு சொல் விடுபட்டுப்போனால், விடுபட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்த மூன்று சொற்கள் விடுபட்டதில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதால்தான் இந்தக் கடிதம்.

சைனஸ் தொல்லையோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. என் வேலை குனிந்தே செய்ய வேண்டிய வேலை. புரூஃபின் மேல் தலையைக் கவிழ்த்ததும் இடது கன்னத்தில் பாரம் இறங்கும். கண்ணுக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலிருக்கும். முதல் தடவை வந்தபோது பல்வலி என்றே நினைத்தேன். மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள் அத்தனையும் சேர்ந்து வலித்தன. பல் மருத்துவர் தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். பல்லில் ஒன்றுமில்லை, மூக்கைக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தப் பற்களின் வேர்கள் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் தரையை ஒட்டி நிற்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சில சமயம் இது தலைகீழாகவும் நடக்குமாம். சீழ் பிடித்த மேல்பல்லிலிருந்து தொற்று காற்றறைக்குள் ஏறிவிடும். ஒரு பக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடையோடு சளி வந்தால் பல்லையும் காட்ட வேண்டும்.

நெற்றியில், கன்னங்களில், இரு கண்களுக்கும் நடுவில், மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று, சைனஸ் எனப்படும் இந்தக் காற்றறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. உள்ளே ஈரமான மெல்லிய சவ்வு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் துடுப்புப் போடுவது போல் அசைந்து அசைந்து சளியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. கன்னத்து அறையின் வாசல் கீழே இல்லை, மேலே இருக்கிறது. நாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அந்த இழைகள் சளியை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கின்றன! ஜலதோஷத்தில் சவ்வு வீங்கி அந்தச் சின்ன வாசல் அடைபட்டால் சளி உள்ளேயே தேங்கி அழுத்துகிறது. இதை எனக்கு ஒரு மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். வீட்டில் செய்கிற எதுவானாலும் அது வீக்கத்தைக் குறைக்கிறதா, சளியை இளக்கி வெளியே விடுகிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தப் படத்தில் எனக்கு விளங்கியது.

வீட்டில் செய்துபார்த்தவற்றில் எனக்கு உண்மையாகவே பலன் தந்தது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதுதான். அதைச் சரியாகச் செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு என்பது நம் உடம்பின் நீரோடு ஒத்துப்போகும் அளவு. கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகப் போட்டால் ஏறக்குறைய அது வந்துவிடும். அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் எரிச்சல் குறைவு. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். வெறும் தண்ணீரை ஊற்றினால் சுள்ளென்று எரியும். ஒரே நாளில் பலர் இதை விட்டுவிடுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். மேல்பக்கம் இருக்கும் மூக்குத்துளையில் நேதிக் குவளையால் (மூக்கைக் கழுவுவதற்கென்றே உள்ள, நீண்ட மூக்கு வைத்த குவளை) மெதுவாக ஊற்றினால் கீழ்த்துளை வழியாக வெளியே வரும். பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். முடிந்ததும் முன்னால் குனிந்து நின்றால் தங்கியிருக்கும் தண்ணீரும் சொட்டிவிடும். காதில் வலி இருந்தாலோ, மூக்கு ஒரு துளிகூட விடாமல் அடைத்திருந்தாலோ வலுக்கட்டாயமாக ஊற்றக் கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். அப்புறம் குவளையைக் கழுவிக் கவிழ்த்து நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்த குவளையில் என்னென்ன வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதாக இருக்கலாம், மூக்குக்குள் ஊற்ற அது போதாது. வயிற்றில் இருக்கும் அமிலம் பல கிருமிகளைக் கொன்றுவிடும், மூக்கில் அந்தக் காவல் கிடையாது. நெக்லேரியா ஃபவுலெரி என்றொரு அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் அது நோய் தராது. மூக்கின் உச்சியில் வாசனை அறியும் நரம்பு இருக்கும் இடத்தை அது எட்டிவிட்டால் அந்த நரம்பு வழியாகவே மூளைக்குப் போய்விடுகிறது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இப்படி இறந்துபோனார்கள். மிக மிக அரிதாக வரும் நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. தவிர்ப்பதற்கு ஆகும் செலவோ ஒரு நிமிடக் கொதிநிலை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உயரமான மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்கு 3 நிமிடம். மூடி ஆறவைத்து அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். வடிகட்டிய தண்ணீர் என்றாலே நுண்ணுயிர் இல்லாத தண்ணீர் என்று பொருளாகாது. வெதுவெதுப்பாக வேண்டுமென்று கொதிக்க வைத்த நீரில் குழாய் நீரைக் கலந்து விளாவுகிறவர்களும் இருக்கிறார்கள். நானே ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை. விளாவினால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது.

அடுத்தது ஆவி பிடிப்பது. உங்கள் கட்டுரை இதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தது. எனக்கும் அது பிடித்தமானதாகத்தான் இருந்தது. போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடமும் முகம் தளர்ந்து சளி இளகுவது தெரியும், அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருடத்துக்கு முன் ஒரு மாலையில், ஸ்டூலின் மேல் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துப் போர்வையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி ஏதோ விளையாடுகிறாள் என்று ஓடிவந்து போர்வையைப் பிடித்து இழுத்தாள். பாத்திரம் அவள் பக்கமாகச் சாய்ந்தது. தொடை முழுக்கக் கொதிநீர். மருமகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் 20 நிமிடம் குழாய்த் தண்ணீருக்கு அடியிலேயே பிடித்திருந்தாள், அப்புறம் மருத்துவமனைக்கு ஓடினோம். அவள் அப்படிச் செய்ததால்தான் காயம் ஆழமாகப் போகவில்லை என்று அங்கே சொன்னார்கள். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. குழந்தை மறந்துவிட்டாள். நான் அன்றிலிருந்து பாத்திரம் வைத்து ஆவி பிடிக்கவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் அடிக்கடி சைனஸ் தொல்லை வரும் 871 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2016-இல் அதன் முடிவைக் கனடாவின் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டிருக்கிறார்கள். உப்புநீரால் கழுவியவர்களுக்கு ஓரளவு குணம் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி சற்றுக் குறைந்ததைத் தவிர வேறு பெரிய மாற்றமில்லை. அவ்வளவு சிறிய பலனுக்காகப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் ஒரு பாத்திரம் கொதிநீரை இறக்கி வைக்க எனக்கு இனி மனம் வராது. வெந்நீரில் குளித்துக்கொண்டே அந்த ஈரக்காற்றைச் சுவாசிக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்திலும் மூக்கின் மேலும் போட்டுக்கொண்டு படுக்கலாம். கன்னப் பாரத்துக்கு அந்தத் துண்டு எனக்குப் போர்வையைவிட நன்றாகவே கேட்கிறது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். தலைப்பக்கம் இன்னொரு தலையணை வைத்து உயர்த்திப் படுத்தால் இரவில் அடைப்பு குறையும். தண்ணீர் போதுமான அளவு குடிக்க வேண்டும். புகை பக்கமே போகக் கூடாது, பிறர் பிடிக்கும் புகையும் சேர்த்துத்தான். மூக்கை ஓங்கிச் சிந்தினால் சளி திரும்பவும் அறைக்குள்ளேயே ஏறும், ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்த வேண்டும். தைலம் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருப்பது மெந்தாலால். அது குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அடைப்பு அப்படியேதான் இருக்கும். தூக்கம் வர உதவினால் நல்லது, கைக்குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். பூண்டுச் சாற்றையோ எண்ணெய்களையோ மூக்கில் விடச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், எரிந்து புண்ணாகலாம். அடைப்பைத் திறக்கும் மருந்துத் தெளிப்பான்களை மூன்று நாளுக்கு மேல் விடாமல் பயன்படுத்தினால், நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாக அடைத்துக்கொள்ளும்.

கட்டுரையில் இன்னொன்றும் விடுபட்டிருந்தது: எத்தனை நாள் வீட்டில் பார்ப்பது? சைனஸ் தொற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாக வந்தாலே மாத்திரை வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கிருமியோடு போராட வரும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு பொருள்தான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. நான் ஒருமுறை அந்த நிறத்தைப் பார்த்துப் பயந்து, முன்பு எப்போதோ மிச்சமான மாத்திரைகளை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வயிற்றுப்போக்குத்தான் மிச்சம். சளி, தான் போகிற நாளில்தான் போனது.

பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் 102 டிகிரியும் அதற்கு மேலும் ஏறி, சீழ் போன்ற சளியோ முக வலியோ மூன்று நான்கு நாள் விடாமல் இருந்தாலும் பார்க்க வேண்டும். குறைந்து, திரும்பவும் ஏறுவது இன்னொரு அறிகுறி. என் தம்பிக்கு ஐந்து நாள் ஜலதோஷம் இருந்து ஆறாம் நாள் தேறிவிட்டான். எட்டாம் நாள் காய்ச்சலும் முக வலியும் முன்பைவிட மோசமாக வந்தன. பாக்டீரியா பிடித்துக்கொண்டது என்று சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதினார், அவனுக்கு அது தேவைப்பட்டது. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ், அதற்கு வைத்தியம் வேறு.

கண்ணைச் சுற்றி வீக்கமோ சிவப்போ, பார்வை இரட்டையாகவோ மங்கலாகவோ தெரிவது, கழுத்தை மடக்க முடியாமை, தாங்க முடியாத தலைவலி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காற்றறைகளுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான்.

உங்கள் மருத்துவப் பக்கத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைக்கிறவர்கள் பலர், நானும் ஒருத்தி. சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை இந்நேரம் எத்தனையோ வீடுகளில் ஒட்டப்பட்டிருக்கும். அதனால் திருத்தத்தை உள்பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே பக்கத்தில், அதே பத்தி அகலத்தில், அந்த ஒரு வாக்கியத்தை ‘கொதிக்க வைத்து ஆறவைத்த’ என்ற மூன்று சொற்களோடு முழுதாக அச்சிடுங்கள். ஒட்டிவைத்தவர்கள் அதைக் கத்தரித்துப் பழைய வாக்கியத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வுபெற்ற பிழை திருத்துநர்