ஜோகூர் ஆற்று விவாதம் 3 காசோடு நிற்கலாமா? தமிழ் விவாத மேடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, ஏற்பாட்டாளர்களே, வணக்கம்.

சிங்கப்பூரில் தண்ணீரைத் தலைப்பாக வைத்து மாணவர்கள் பேசும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: "மலேசியா 3 காசுக்கு விற்கிறது, நாம் 50 காசுக்குத் திருப்பி விற்கிறோம்." ஒரு தரப்பு அதைச் சுரண்டல் என்கிறது, மறுதரப்பு ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்கிறது. கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. இதை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. 3 காசு ஆற்றிலிருந்து எடுக்கும் நீருக்கு, 50 காசு அதைச் சுத்திகரித்துத் திருப்பித் தருவதற்கு; இரண்டும் 1,000 கேலனுக்கான விலை, மலேசிய நாணயத்தில். 1,000 கேலன் என்றால் சுமார் 4,546 லிட்டர். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தோடு 1962இல் செய்த நீர் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். முழு அளவும் எடுத்தால் ஒரு நாள் விலை 7,500 ரிங்கிட். அதே ஒப்பந்தம், எடுக்கும் நீரில் 2 விழுக்காடு வரை, அதாவது 5 மில்லியன் கேலன், சுத்திகரித்து ஜோகூருக்குத் தரச் சொல்கிறது. நடைமுறையில் ஜோகூர் கேட்டுக்கொண்டதால் 16 மில்லியன் கேலன் போய்க்கொண்டிருந்தது. 50 காசு வீதம் அதற்கு 8,000 ரிங்கிட். 1,000 கேலனைச் சுத்திகரிக்க 2 ரிங்கிட் 40 காசு ஆகிறது என்பது சிங்கப்பூர் அரசாங்கம் சொல்லும் கணக்கு. அப்படியானால் அந்த 16 மில்லியன் கேலனுக்கு ஆகும் செலவு நாளுக்கு 38,400 ரிங்கிட். 3 காசு மிகக் குறைவு என்பதும் உண்மை, 50 காசில் லாபம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லும் மாணவருக்கு நடுவர்கள் மதிப்பெண் கூட்டித் தர வேண்டும்.

உண்மையான வழக்கு விலையில் இல்லை, மறுஆய்வு விதியில் இருக்கிறது. 25 ஆண்டுகளுக்குப் பின் விலையை மறுபடி பார்க்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பணத்தின் வாங்கும் சக்தி, கூலி, மின்சாரம், பொருள்களின் விலை ஆகியவற்றை ஒட்டித்தான் மாற்ற வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் நடுவர் மன்றம். 1987இல் அந்தக் காலம் வந்தது, மலேசியா கேட்கவில்லை. கேட்காததால் உரிமை போய்விட்டது என்கிறது சிங்கப்பூர். அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறது மலேசியா. மாணவர்கள் மோத வேண்டிய இடம் இது. 1965 பிரிவினை உடன்படிக்கையில் இரு அரசாங்கங்களும் இந்த ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் தந்தன; அந்த உடன்படிக்கை ஐநாவிலும் பதிவாகியிருக்கிறது. ஒருதலைப்பட்சமாக மாற்ற முடியாது என்று நாம் சொல்வது இதை வைத்துத்தான்.

காவிரியை இழுத்துவந்து ஒப்பிடுவது நம் மேடைகளின் வழக்கம். ஒப்பிடலாம், ஆனால் பொருந்தும் இடத்தில். காவிரியில் தண்ணீருக்கு விலை கிடையாது, பங்குதான். 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு எல்லையிலுள்ள பில்லிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று வகுத்தது. பொருந்துவது மறுஆய்வு விதி. மைசூரும் சென்னை மாகாணமும் 1924இல் போட்ட ஒப்பந்தத்தில் 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்றிருந்தது. 1974இல் அது வந்தபோது உடன்பாடு இல்லை. நடுவர் மன்றம் அமைய 1990 ஆகிவிட்டது. ஜோகூர் ஆற்று ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. இன்று மேடையேறும் பிள்ளைகளே அப்போது ஐம்பது வயதைக் கடந்த குடிமக்களாக இருப்பார்கள்.

இனி ஆறு. 250 மில்லியன் என்பது எடுக்கக்கூடிய உச்சவரம்பு. அவ்வளவையும் ஆறு என்றைக்கும் தரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. ஜோகூரும் அதே ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கடல் ஓதத்தின்போது உப்புநீர் உள்ளே வரும். மேலிருந்து வரும் நீர் குறைந்தால் உப்புநீர், கனமானதால், ஆற்றின் அடியோடு மேலேறி நீர் எடுக்கும் இடத்தை எட்டிவிடும். படிகாரமும் மணல் வடிகட்டியும் கலங்கலைத்தான் நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. அப்போது பம்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. இதற்காகத்தான் சிங்கப்பூரும் ஜோகூரும் 1990இல் செய்த இன்னோர் ஒப்பந்தத்தின் கீழ் மேற்பகுதியில் லிங்கியூ அணை கட்டப்பட்டது. கட்டுமானச் செலவு சிங்கப்பூருடையது, நிலத்துக்கான இழப்பீடாக 320 மில்லியன் ரிங்கிட்டும் கொடுத்தது. லிங்கியூவிலிருந்து குழாய் எதுவும் சிங்கப்பூருக்கு வருவதில்லை. அணை நீரை ஆற்றில் திறந்துவிடுகிறது. அந்த ஓட்டம் உப்பைக் கீழே தள்ளுகிறது. 2016 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. அப்படியொரு நாளில் 3 காசா 3 ரிங்கிட்டா என்ற பேச்சு எந்தக் குழாயையும் நிரப்பாது.

மாசு இன்னொரு தொல்லை. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா கூடியதால் சுத்திகரிப்பு ஆலை நிறுத்தப்பட்டது. கிருமி கொல்லப் போடும் குளோரினை அம்மோனியா தின்றுவிடும். எவ்வளவு போட்டாலும் போதாத நிலை வரும். அப்போது தண்ணீர் தடைபட்டது ஜோகூர் மக்களுக்கு.

ஆகவே அடுத்த முறை தலைப்பு வைக்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். மறுஆய்வு விதியைத் தமிழில் தட்டச்சு செய்து இரு தரப்புக்கும் ஒரு வாரம் முன்பே கொடுங்கள். விலை சொல்லும் பேச்சாளர் "1,000 கேலனுக்கு" என்பதை விட்டால் நடுவர் குறுக்கிட்டுக் கேட்கட்டும். "விலை நியாயமா?" என்பதை விட்டு, "வறண்ட ஆண்டில் ஜோகூர் ஆற்றின் பற்றாக்குறையை இரு நாடும் எப்படிப் பகிர்வது?" என்று தலைப்பு வையுங்கள். ஜோகூருடன் அதற்கு முன் செய்திருந்த 1961 நீர் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31இல் முடிந்ததும் ஸ்கூடாய், குனோங் பூலாய் சுத்திகரிப்பு நிலையங்களையும் தெப்ராவ் நீரேற்று நிலையத்தையும் சிங்கப்பூர் ஜோகூரிடம் ஒப்படைத்ததை எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம். ஓர் ஒப்பந்தம் சண்டையின்றி முடிந்த விதம் அதில் தெரியும்.

அன்புடன்,
நீர்வழங்கல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள் சிலர்
சிங்கப்பூர்