விஜயாவுக்கு, சத்துவாச்சாரியிலிருந்து

அன்புள்ள விஜயா,

உன் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று எழுதிய உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. "எல்லாம் கடவுள் போட்ட கணக்கு என்று நீயும் எழுதிவிடாதே" என்று கடைசியில் எழுதியிருந்தாய். எழுத மாட்டேன். இவர் பக்கவாதத்தில் படுத்த புதிதில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். ஒரு அம்மாள், "காசிக்குப் போகாமல் நின்றதே நல்லதுக்குத்தான், ரயிலில் இப்படி ஆகியிருந்தால் என்ன செய்வாய்?" என்றாள். நியாயம்தான். ஆனாலும் அவளுக்குக் காபி கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்தேன், சர்க்கரை கம்மியாக.

அந்த நாளைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. விடிகாலை எழுந்தபோதே வலது கையில் பிடிமானம் இல்லை என்றார். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் வாயுப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்கு வாய் கோணிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்திலேயே ஆரம்பித்திருந்தால் எந்த நேரத்திலிருந்து எண்ணுவது? ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு இவர் புரண்டு படுத்தது எனக்குத் தெரியும். அப்போது எழுந்து விளக்கைப் போட்டிருந்தால்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சாமியோடு பேசாமல் இருந்தேன். விளக்கு ஏற்றுவேன், பூ வைப்பேன், பேச மாட்டேன்.

நம்ம வேலூரை வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. நாம் பத்தாவது படித்தபோது, 1981 மார்ச்சில், சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினோம். தண்ணியில்லாத ஆறு என்ற பேச்சையும் 2021 நவம்பரில் பாலாறு பொய்யாக்கிவிட்டது. கரைகொள்ளாமல் வந்தது. ஒரு துளி வராதா என்று நாம் ஏங்கிய ஆறுதான், வந்தபோது கரையோரத்து வீடுகளுக்குள் புகுந்து சாமான்களை இழுத்துக்கொண்டு போனது. திட்டம் என்று ஒன்று இருக்கலாம், விஜயா. இருந்தால் அதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததைச் சொல்கிறேன். வங்காளத்திலிருந்து மகனோடு வந்த ஒரு பெண், நம் வயசுதான். நம்ம ஊரில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கிறதே, அப்படி ஒரு லாட்ஜில் மாசக்கணக்காகத் தங்கியிருந்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. மூன்று நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் டாய்லெட்டுக்கு எழுந்தால் என் பையின் மேல் கையை வைத்துக்கொள்வாள். பொரியும் பச்சை மிளகாயும் கொடுப்பாள். நான் அழுதபோது ஏதோ சொன்னாள், ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் சொன்னது எல்லாம் நன்மைக்கே என்பதாகக்கூட இருந்திருக்கலாம்! புரியாததனால் கோபம் வரவில்லை.

அப்புறம் ஒரு வருஷம் கழித்து விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போனோம். சக்கர நாற்காலியை உள்ளே கொண்டுபோகப் பட்ட பாடு வேறு கதை. மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் இவருக்கு வலது கையோடு பேச்சும் போயிருந்தது. "தண்ணீர்" என்று சொல்லவே நெற்றி வேர்க்கும். அன்றைக்கு ஓதுவார் தேவாரம் பாட, பக்கத்தில் ஒரு குரல் சேர்ந்து கேட்டது. இவர்தான்! நாலு வரி, ஒரு சொல் தடுக்காமல். வெளியே வந்து நான் யார் என்று இவரிடம் கேட்டேன், என் பேர் வரவில்லை. பேச்சு போனாலும் பாட்டு தங்குவது உண்டு என்று பிறகு ஃபிசியோதெரபி பெண் சொன்னாள். சரி, அதிசயம் இல்லை. ஆனாலும் மதிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அந்தச் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வியாபாரி ஒருவன் காஞ்சிபுரத்துக்குப் போக, வழியில் திருடர் பயம் என்று வேண்டிக்கொண்டானாம். சாமி ஆயுதத்தோடு கூடவே நடந்து போனாராம். சின்ன வயசில் எத்தனை தரம் கேட்ட கதை! அன்றைக்குத்தான் கவனித்தேன்: அவர் வழியில் இருந்த திருடர்களை ஒழித்து ரோட்டைச் சுத்தம் செய்யவில்லை. கூட நடந்தார், அவ்வளவுதான். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பதை அன்றோடு விட்டேன் என்று சொன்னால் பொய். ராத்திரி இரண்டு மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது. கேட்கிற ஆள் இருக்கிறார் என்று நினைத்துக் கேட்கிறேன், அந்த ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது கொஞ்சம் பேசுகிறார். போன மாதம் பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பெருவிரலில் மையைத் தடவினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் சிரிக்கிறார். "கையெழுத்து... சரியில்லை என்று... பிள்ளைகளை... அடித்தேன். இப்போ... கைநாட்டு" என்றார். படுத்த பிறகு இவர் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான்.

உன் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறாய். மகன் இருபதாம் தேதிக்கு மேல் வந்து இவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். காட்பாடியிலிருந்து ராத்திரி வண்டி பிடித்தால் விடியும்போது கோயம்புத்தூர். ஓய்வு நாளாகப் பார்த்து வரச் சொல்லாதே, டயாலிசிஸ் நாளாகவே சொல். உள்ளே அவருக்கு நாலு மணி நேரம் ஆகுமே, வெளியே நீ யாரோடு உட்காருவாய்? இளவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கொண்டுவருகிறேன். அவர் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வை. கூடாது என்றால் நாம் இருவரும் சாப்பிடுவோம்.

உன்,
சாந்தி