எட்டு விக்கெட்டுக்கு இவ்வளவுதான் இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்கள் கிரிக்கெட் என்றால் சதம் அடித்தவர்களின் படம்தான் பெரிதாக வருகிறது. 2024-ல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நடந்த டெஸ்டில் ஷஃபாலி வர்மா 205 ரன் அடித்தார். சரி, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே ஆட்டத்தில் ஆஃப் ஸ்பின்னர் ஸ்நே ராணா 77 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தாரே, அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 236-க்கு 4 என்று தெம்பாக இருந்த தென்னாப்பிரிக்க அணி, மூன்றாம் நாள் காலை 266-க்குள் சுருண்டது. அவருக்கு முன் பெண்கள் டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்த இந்தியர் நீது டேவிட் ஒருவர்தான், அதுவும் 1995-ல், ஜாம்ஷெட்பூரில். அந்த ஆட்டத்தில் இந்தியா 2 ரன்னில் தோற்றது என்பது வேறு விஷயம்!

டேராடூன்காரரான ராணா முழங்கால் காயத்துக்குப் பின் சுமார் ஐந்து ஆண்டுகள் இந்திய அணிக்கு வெளியே இருந்தவர். 2021-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த டெஸ்டில் திரும்பி வந்தார். தந்தை இறந்து சில மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. நான்கு விக்கெட், அப்புறம் ஆட்டமிழக்காமல் 80 ரன். தோற்க வேண்டிய டெஸ்ட் டிரா ஆனது.

ஐ.பி.எல். வீரர்களின் தலைமுடி அலங்காரத்துக்கே கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள். அடுத்த பெண்கள் டெஸ்ட் எப்போது வந்தாலும் முழு ஸ்கோர் அட்டையையாவது, பந்துவீச்சு விவரத்தோடு, அச்சிடுங்கள்.

— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி