ராத்திரி எட்டு மணிக்கு எதுக்கு ப்ரீ ஒர்க்அவுட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல காபி குடிச்சிட்டு எக்ஸர்சைஸ் பண்ணா தெம்பு கூடும்னு போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா எத்தனை மணிக்கு குடிக்கணும்னு ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

வேலை முடிச்சு நான் ஜிம்முக்குப் போகவே ராத்திரி எட்டாயிடும். ட்ரெய்னர் தம்பி ப்ரீ ஒர்க்அவுட்னு, எக்ஸர்சைஸுக்கு முன்னாடி கலக்கிக் குடிக்கிற பவுடர் டப்பா ஒண்ண காட்டி "அண்ணே ஒரு ஸ்கூப் போட்டுப் பாருங்க, வெயிட்டு பறக்கும்"னான். பறந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஒரு ஸ்கூப்ல 200 மில்லிகிராம் கஃபீன், காபில இருக்குற அதே சரக்குதான். உடம்பு எடைல கிலோவுக்கு 3லேருந்து 6 மில்லிகிராம் போனா பெர்ஃபார்மன்ஸ் கூடும்னு ஆராய்ச்சில சொல்றாங்க, நான் 70 கிலோ, கணக்கு கிட்டத்தட்ட சரியாத்தான் வருது. மூளைக்கு அசதிய சொல்ற அடினோசின் உக்கார வேண்டிய எடத்துல கஃபீன் போய் உக்காந்துக்குது, வலி கம்மியா தெரியுது, நாமளும் இன்னும் ரெண்டு ரெப்ஸ் அடிச்சிடுறோம்.

வில்லங்கம் அதுக்கப்புறம்தான். உள்ள போன கஃபீன்ல பாதி போகவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், அப்போ எட்டு மணிக்குப் போட்ட 200ல ராத்திரி ஒரு மணிக்கும் 100 உள்ளயே இருக்கு, ஃபேன பாத்துட்டு படுத்திருக்க வேண்டியதுதான். 2013ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வுல படுக்குறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கம் கொறஞ்சிருக்கு. தசை தேறுறதுல பாதி வேலை தூக்கத்துலதானே நடக்குது?

இத சொன்னா தம்பி, ஒர்க்அவுட் முடிச்சப்புறம் கஃபீன் எடுத்தா ரெகவரி இன்னும் வேகமா ஆகும்ணேங்குறான். அப்படி ஒரு ஆய்வு 2008ல வந்தது நெஜம்தான், சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு மாவுச்சத்தோட கஃபீனும் குடுத்ததுல நாலு மணி நேரத்துல தசைல கிளைகோஜன், அதாவது தசை சக்திக்காக சேத்து வைக்குற சர்க்கரை, 66 சதவீதம் அதிகமா சேந்திருக்கு. ஆனா குடுத்த அளவு கிலோவுக்கு 8 மில்லிகிராம், எனக்கு 560 ஆகுது, ஐரோப்பால ஒரு நாளைக்கே 400 தாண்டாதீங்கன்னு சொல்லிருக்காங்க! இதுக்கு எங்கம்மா காபி எவ்வளவோ மேல், அதுல பாதி சிக்கரி, சிக்கரில கஃபீனே கெடையாது.

அடுத்த தடவ இந்த மாதிரி போடும்போது ராத்திரி ஜிம்முக்குப் போறவங்களுக்குன்னு நேரக்கணக்கையும் ஒரு கட்டம் கட்டிப் போட்டு விடுங்க, வெட்டி எடுத்து எங்க ஜிம் கண்ணாடில ஒட்டிடுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை