உலர்களமும் சேமிப்புக் கிடங்கும்: பணி நிறைவு அறிக்கை

நம் பெண் விவசாயிகள் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

களமும் கிடங்கும் முடிந்து, முதல் அறுவடை மூட்டைகள் உள்ளே ஏறிவிட்டன. கூரை, கதவு, சன்னல் வலை, எலி ஏறாத தகடு, மின் இணைப்பு எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: போட்ட தரையை ஏன் உடைத்தீர்கள்? செலவு கூடியதும் அந்தத் தரையால்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சல்லியை இறுக்கி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, பிறகுதான் கான்கிரீட் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுப்பது அந்த விரிப்புதான். கான்கிரீட் போட்ட அன்று காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற இரண்டு உறுப்பினர்கள், பாதிக் கிடங்கில் விரிப்பே இல்லை என்று அங்கேயே சொன்னார்கள். "மண் காய்ந்துதானேம்மா கிடக்கு, உங்களுக்கு எதுக்கு இந்தக் கவலை" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தக்காரர் வேலையை முடித்துவிட்டார்.

தரை நன்றாகக் காய்ந்த பிறகு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தாள்களை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவைத்தோம். மறுநாள் காலையில் விரிப்பு இருந்த பக்கம் தாளுக்கு அடியில் ஒன்றுமில்லை. இல்லாத பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், அந்தச் சதுரம் மட்டும் கறுத்துக் கிடந்தது. பார்த்தவர்கள் பலர் இந்த அறிக்கையைப் படிக்கிறீர்கள்.

மரத்தட்டு போட்டு அடுக்கினால் போதாதா என்று நம்மிலேயே சிலர் கேட்டார்கள். தட்டு அவசியம்தான், போட்டும் இருக்கிறோம். ஆனால் தரையில் ஏறும் ஈரம் கிடங்குக் காற்றில் கலக்கும், காய்ந்த தானியம் அதை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்கும் வண்டுக்கும் கொண்டாட்டம். விதைக்கு இன்னும் மோசம்: ஈரம் ஒரு சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது விதைக் கிடங்குகளின் பொதுக் கணக்கு.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் பெயரில் நிலப் பத்திரம் இல்லை, எனவே அடமானம் வைக்க ஒன்றுமில்லை. விலை அடிமட்டத்தில் இருக்கும் அறுவடை நேரத்திலேயே விற்றுக் கடனை அடைக்கிறோம். மூட்டையைக் கிடங்கில் வைத்து, அந்த ரசீதைக் காட்டிக் கடன் வாங்கி, விலை ஏறும்வரை காத்திருக்கத்தான் இந்தக் கட்டடமே. ஈரத்தரையில் நிற்கும் மூட்டையை நம்பி யார் கடன் தருவார்கள்?

ஆகவே ஒப்பந்தக்காரரின் இறுதித் தவணையை நிறுத்தி வைத்தோம். இழுபறிக்குப் பிறகு உடைக்கும் கூலி அவர் பொறுப்பு, சிமெண்டும் சல்லியும் நம் பொறுப்பு என்று முடிந்தது. முழுவதையும் அவர் தலையில் கட்டியிருக்கலாம்தான். வழக்கு முடிவதற்குள் இரண்டு அறுவடை போயிருக்கும். ஆண் ஒருவரை அனுப்பிப் பேசியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று ஓர் உறுப்பினர் எழுதியிருக்கிறார். முடிந்திருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு பேச்சுக்கும் அவரையே தேடிப் போக வேண்டியிருக்கும்.

நிலம் இல்லாதவர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் கிடங்கில் சம பங்கு ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே அளவுப் பண்ணையில் பெண்களின் உற்பத்தித் திறன் ஆண்களுடையதைவிட 24 சதவீதம் குறைவு என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2023இல் சொன்னது. உழைப்புக் குறைவால் அல்ல. நிலம், கடன், கருவி, பயிற்சி எல்லாம் கைக்கு எட்டாததால். பத்திரம் கேட்டு வாசலில் நிறுத்த நாமும் எதற்கு?

2026 பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டு என்பதால் திறப்பு விழாவைப் பெரிதாக வைக்கச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஈரமானி வாங்கிவிட்டோம். வருத்தப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

கொடையாளர் பெயர்கள் கிடங்குச் சுவரில் உள்ளன. களத்துக்கு இடம் விட்ட மூத்த உறுப்பினர், கதவு செய்து தந்த தச்சர், சல்லி ஏற்ற டிராக்டர் தந்த அண்ணன் தம்பிகள், சேமிப்பை உடைத்துத் தந்த மூன்று குழுக்கள், முதியோர் உதவித்தொகையில் பங்கு தந்த பாட்டி, வேலையாட்களுக்குத் தினமும் தண்ணீர் சுமந்த பள்ளிப் பிள்ளைகள், பெயர் வேண்டாம் என்ற இருவர், எல்லோருக்கும் நன்றி.

கணக்குப் புத்தகமும் ரசீதுகளும் கிடங்கு மேசையில் இருக்கும், யாரும் பார்க்கலாம். மூட்டை கொண்டுவருமுன் ஒரு பிடி தானியத்தைக் காய்ந்த உப்போடு கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் காயவையுங்கள், களம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கட்டடப் பணிக் குழு